சிங்கனும் செங்கேணியும்: உண்மை வாழ்வு திரைக்கதையாகும் வரலாறு

மாசி மகத்தை ஒட்டிய முழுநிலா நாளில் மாமல்லபுரத்துக் கடற்கரை, சுற்றுலாவுக்கு வருவோர் அறிந்த கடற்கரையாக இராது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் செங்கற்சூளை ஓரங்களிலும் வாழும் இருளர் குடும்பங்கள் முன்னதாகவே அங்கு வந்து சேர்ந்துவிடும். சேலைகளையும் போர்வைகளையும் கழிகளில் கட்டி நிழல் செய்துகொண்டு மணற்பரப்பிலேயே தங்குவர். விடியற்பொழுதில் அலையருகே ஈரமணலைக் குவித்து ஏழு படிகள் அமைத்து, பூவும் வெற்றிலையும் தேங்காயும் வைத்துக் கன்னியம்மனை வழிபடுவர். சினங்கொண்டு கடலுக்குள் சென்றுவிட்ட தாயை அமைதிப்படுத்தித் தம்மோடு அழைத்துச் செல்வதே அவ்வழிபாடு என்பது அவர்களிடையே வழங்கும் நம்பிக்கை. பெண் பேசுதல், திருமணம், காதுகுத்து, முடியிறக்கல் ஆகிய எல்லாம் அக்கரையிலேயே நிகழும். பிறகு குடும்பங்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பும். மணற்படிகளை அலை கொண்டுபோகும்.

அக்கரைக்குச் சற்றுத் தொலைவில்தான் பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பம் இருக்கிறது. அதில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவன் அருச்சுனனா, பகீரதனா என்று அறிஞர் நெடுங்காலமாக வழக்கிட்டு வருகின்றனர். ஒரே கல் இரண்டு கதைகளுக்கும் இடம் தருகிறது. அச்சிற்பத் தொகுதியில் வில்லேந்திய வேடர்களும் செதுக்கப்பட்டுள்ளனர். அவர்கள் எக்குடியினர், எந்தக் கானத்தினர் என்று கேட்டவர் அரியர். தலைவன் பெயருக்கு வழக்கு உண்டு. கானவன் பெயருக்கு வழக்கில்லை. இந்நிலை கல்லோடு முடிந்துவிடாமல் இன்றைய வெள்ளித்திரை வரையிலும் தொடர்வதை ஒரு வழக்கின் வழியே காண்பது பயனுடையது.

2021 நவம்பர் 2-ஆம் நாள் ‘ஜெய் பீம்’ என்னும் தமிழ்ப்படம் இணையத் திரைவழி வெளியாயிற்று. த.செ.ஞானவேல் இயக்கியது, நடிகர் சூர்யாவின் நிறுவனம் தயாரித்தது. பாம்பு பிடித்தும் வயலெலி பிடித்தும் செங்கற்சூளையில் உழைத்தும் வாழும் இருளர் இளைஞன் ராசாக்கண்ணு. ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் நகை காணாமற்போக, திருட்டுப் பழி அவன்மீது விழுகிறது. காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவன் திரும்பவில்லை. ‘தப்பியோடிவிட்டான்’ என்கின்றனர் காவலர். கருவுற்றிருக்கும் மனைவி செங்கேணி, சந்துரு என்னும் வழக்கறிஞரின் துணையோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்து உண்மையை வெளிக்கொணர்கிறாள். மணிகண்டனும் லிஜோமோள் ஜோசும் கணவன் மனைவியராக நடித்தனர். இருளர் என்னும் பெயரையே அதற்கு முன் கேட்டிராத நகரத்தார் பலர் அந்த 164 நிமிடங்களில் அப்பெயரை அறிந்தனர். இது சிறிய செயலன்று.

படத்தின் அடிப்படை நிகழ்ச்சி கற்பனையன்று. 1993 மார்ச்சு மாதம், அன்றைய தென்னார்க்காட்டுப் பகுதியில், விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் ஊரைச் சேர்ந்த ராசாக்கண்ணு, நகைத் திருட்டு ஒன்றின் தொடர்பில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு அடித்துத் துன்புறுத்தப்பட்டு உயிரிழந்தார். அவர் உடல் பக்கத்து மாவட்ட எல்லைக்குள் போடப்பட்டது. அவர் தப்பிவிட்டதாகவே ஏடுகள் எழுதப்பட்டன. அவர் மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அம்மனுவை நடத்திய வழக்கறிஞர் கே.சந்துரு. அவர் 2006-இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியாகி, 2013-இல் ஓய்வு பெற்றவர். காவலர்கள் குற்றவாளிகள் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் 2006-இல்தான். இடையில் கழிந்தவை 13 ஆண்டுகள்.

திரைப்படம் ராசாக்கண்ணுவின் பெயரை மாற்றவில்லை. வழக்கறிஞர் பெயரையும் மாற்றவில்லை. நிகழ்ச்சியின் ஆண்டை 1995 என நகர்த்தியது. மனைவிக்குச் செங்கேணி எனப் பெயரிட்டது. இவையெல்லாம் எந்தத் திரைக்கதையிலும் நிகழ்வன. ஆனால் பெரிய மாற்றம் வேறொன்று. முதனை ராசாக்கண்ணு இருளர் அல்லர், குறவர்.

இம்மாற்றத்துக்குக் காரணமே இல்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. இருளர்மீது பொய்வழக்குப் புனைதலும், காவல் நிலையங்களில் அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் வடதமிழகத்தின் கசப்பான நடைமுறை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தமைக்கும் அதுவே தூண்டுதல். படத்தின் தொடக்கத்தில், சிறைவாயிலில் விடுதலை பெற்று வருவோரைச் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்தி, சிலரை மட்டும் முடியாத பழைய வழக்குகளுக்காக மீண்டும் பிடித்துச் செல்லும் காட்சி வருகிறது. அக்காட்சியில் நிற்பவர் இருளராயினும் குறவராயினும் அவர்கள் பட்டது ஒன்றே எனப் படைப்பாளர் கருதியிருத்தல் கூடும். நிலைமை என்னும் அளவில் அது மெய்யே. வரலாறு என்னும் அளவில்தான் ஐயம் எழுகிறது. ஏனெனில் ஒரு குறவர் மீது நகைத் திருட்டுப் பழி விழுந்தது என்பதற்குப் பின்னால், இருளருக்குப் பொருந்தாத, குறவருக்கே உரிய தனி வரலாறு ஒன்று இருக்கிறது. அவ்வரலாற்றில் தமிழ்க் கவிஞர்க்கும் பங்குண்டு.

குறிஞ்சித் திணையின் மக்கள் குறவர். முருகன் மணந்த வள்ளி குறவர் வளர்த்த மகள். அகப்பாடல்களில் கட்டுவிச்சியும் அகவன் மகளும் குறி சொல்லினர். அம்மரபு வளர்ந்து 18-ஆம் நூற்றாண்டில் குறவஞ்சி என்னும் நாடக இலக்கியமாகப் பூத்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடமாகப் படிக்காத தமிழ் மாணவர் இலர். அதன் முற்பகுதி தலைவியின் காதலும் குறத்தி சொல்லும் குறியுமாகச் செல்லும். பிற்பகுதியே நம் வழக்கோடு தொடர்புடையது. பறவை பிடிக்கும் சிங்கன், குறி சொல்லப் போன தன் மனைவி சிங்கியைக் காணாமல் ஊர் ஊராகத் தேடி அலைவான். இறுதியில் அவளைக் கண்டதும் மகிழ்ச்சியினும் முந்திக்கொண்டு வருவது வியப்பு. அவள் காலிலும் கையிலும் கழுத்திலும் புதுப்புது அணிகள். ஒவ்வொன்றாகச் சுட்டி, இது ஏது, இது ஏது என்று அவன் கேட்பான். குறி சொல்லிப் பெற்ற பரிசுகள் என அவள் ஒவ்வோர் ஊராகச் சொல்லி விடையிறுப்பாள். அவை நகைப்பார், ஆடுமகள் அணிகுலுக்குவாள். தமிழ் நாடக இலக்கியத்தில் இதனினும் துள்ளலான உரையாடல் அரிது.

குறவர் வீட்டுப் பெண்ணிடம் நகை இருந்தால், அது எப்படி வந்தது என்னும் கேள்வி, 18-ஆம் நூற்றாண்டில் சிரிப்புக்கு உரியதாக இருந்தது. அடுத்த நூற்றாண்டின் முடிவுக்குள் அதே கேள்வி காவல்துறையின் கேள்வியாயிற்று. இடையில் நிகழ்ந்தது யாது என்பதை வரலாற்றறிஞர் மீனா ராதாகிருஷ்ணா 2001-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். குறவருள் ஒரு பெரும்பகுதியினர் நாடோடி வணிகர். கடற்கரை உப்பளங்களிலிருந்து கழுதைகளிலும் எருதுகளிலும் உப்பேற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றினர். சங்கப் பாடல்கள் காட்டும் உமணரை நினைவூட்டும் தொழில் அது. ஆங்கில ஆட்சியின் உப்பு வரியும் உப்பு விற்பனைக் கட்டுப்பாடும் அவ்வணிகத்தை நெரித்தன. இருப்புப்பாதை வந்து எஞ்சியதையும் பறித்தது. தொழிலிழந்து அலைந்தவர்களை அரசு ஐயத்தோடு நோக்கியது. 1871-இல் வடஇந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, குறவர் பல மாவட்டங்களில் பிறவிக் குற்றவாளிகளாகப் பதியப்பட்டனர். இரவில் எங்குப் படுக்கிறோம் என்று காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டியவராயினர்; சிலர் குடியிருப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1947-இல் சென்னை மாகாணமும் 1952-இல் இந்திய அரசும் அச்சட்டத்தை நீக்கின. சட்டம் போயிற்றேயன்றிச் சட்டம் பழக்கிய கண் போகவில்லை. நகை காணவில்லை என்றதும் குறவர் குடிசைக்குச் செல்லும் கால்களை 1993-இலும் அதுவே செலுத்தியது.

இங்ஙனம் நோக்கின், கம்மாபுரம் வழக்கு குறவஞ்சியின் தலைகீழ் வடிவம் போலத் தோன்றும். அங்கே கணவன் மனைவியைத் தேடினான். இங்கே மனைவி கணவனைத் தேடினாள். அங்கே நகை பற்றிய வினா கூடலில் முடிந்தது. இங்கே அவ்வினாவே உயிரைக் கொண்டது. ராசாக்கண்ணுவை இருளராக மாற்றியதன் மூலம் திரைப்படம் இழந்தது ஒரு சாதிப்பெயரை மட்டுமன்று. இருநூறாண்டுத் தொடர்ச்சியை இழந்தது. இருளர் காட்டுப்பொருள் திரட்டியும் எலிவளையிலிருந்து நெல்லெடுத்தும் வாழ்ந்தவர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் செங்கல்பட்டு இருளரைப் பற்றிய விரிந்த குறிப்பு உண்டு. வில்லியர் என்றும் அவர்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் துயரம் பெரும்பாலும் அரிசி ஆலையிலும் செங்கற்சூளையிலும் மரம் வெட்டும் களத்திலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட கொத்தடிமைத் துயரம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பின்னும் பல ஆண்டுகள் செங்கல்பட்டு வட்டாரத்தில் மீட்கப்பட்டோருள் அவர்களே மிகுதி. இரு குடிகளின் துன்பமும் துன்பமே. எனினும் ஒன்றன் வேர் உப்பு வண்டியிலும் மற்றொன்றன் வேர் காட்டிலும் இருக்கிறது.

உண்மை வாழ்வை மாற்றிச் சொல்லுதல் திரைப்படம் கொண்டுவந்த புதுவழக்கம் என எண்ணுவோர் நந்தனார் கதையை நினைத்தல் வேண்டும். சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த தொண்டர் தில்லைக்குச் செல்ல ஏங்கி, தீயில் மூழ்கி எழுந்து கூத்தனைக் காண்கிறார். அவருக்கு ஆண்டை எவரும் அங்கே இல்லர். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியபோதுதான் வேதியர் ஒருவர் பண்ணையாராக உள்ளே வருகிறார். தில்லைக்குப் போக விடை கேட்கும் நந்தனை மறுத்து விரட்டுகிறார். மூலநூலுக்கு மாறாகக் கதை செய்ததை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விரும்பவில்லை என்பதும், சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்பதும், பின்னர்ப் பாடலின் உருக்கத்தில் மனங்கனிந்து அளித்தார் என்பதும் உ.வே.சாமிநாதையர் எழுத்தின் வழி அறியப்படுவன.

திரைப்படங்கள் எந்த நந்தனை எடுத்துக்கொண்டன? சேக்கிழாரின் நந்தனையன்று, பாரதியாரின் நந்தனையே. 1935-இல் வெளிவந்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் ஆண்வேடத்தில் நந்தனாராக நடித்தார். அதற்காக அவருக்குத் தரப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் நெடுநாள் பேசப்பட்டது. படத்தினும் அதுவே மிகுதியாகப் பேசப்பட்டது போலும். புராணத்தில் இல்லாத அந்த வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாதையர். 1942-இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார். அதிலும் வேதியர் உண்டு. கற்பனையாக வந்தவர் கதையின் மையத்துக்கே வந்துவிட்டார். இது பிழையா? புராணத்தை நோக்கப் பிழை. ஆனால் பாரதியார் வாழ்ந்த காலத்துத் தஞ்சை வயல்களில், பண்ணையாள் ஒருவன் விடை பெறாமல் ஊரெல்லை தாண்ட இயலாது. அவ்வேதியர் வந்ததனாலேயே நந்தன் கதை பண்ணையடிமையின் கதையாயிற்று. சேர்க்கப்பட்ட பாத்திரம் ஒரு காலத்தின் மெய்யைக் கொண்டுவந்தது.

ஆகவே, மாற்றினார் என்பதற்காக மட்டும் ஒரு படைப்பைக் குறை கூற இயலாது. மாற்றத்தால் உள்ளே வந்தது எது, வெளியேறியது எது என்பதே கேட்கத்தக்கது. நந்தன் கதையில் ஒருவர் உள்ளே வந்தார், நந்தன் வெளியேறவில்லை. ‘ஜெய் பீம்’ கதையில் ஒரு குடி உள்ளே வந்தது. மற்றொரு குடி வெளியேறியது. இரண்டும் ஒன்றல்ல.

தலைவர்களின் வாழ்வைப் படமாக்கிய வரலாறு வேறு வகையினது. பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ம.பொ.சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடியொற்றிய ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) ஆகியவற்றில் பார்வையாளர் தலைவனை முன்பே அறிவர். 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவனின் முடிவு அரங்கில் அமர்ந்த அனைவர்க்கும் தெரியும். கூட்டியும் குறைத்தும் சொன்னாலும் அவன் பெயருக்கு ஊறில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நாட்டார் கதைப்பாடலும் ஆவணமும் உண்டு. எவரும் அறியாத ஒரு கூலியாளின் வாழ்வைச் சொல்லும்போது நிலை அதுவன்று. திரையில் வருவதே அவனுடைய முதல் வரலாறும் கடைசி வரலாறுமாகிவிடுகிறது. ஒப்பிடுவதற்கு நீதிமன்ற ஏடு ஒன்றே உண்டு. அதனை எடுத்துப் படிப்பார் மிகச் சிலர்.

காவல் கொடுமையையே பொருளாகக் கொண்ட வேறு இரு படங்கள் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கன. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், இளமையில் ஆந்திர மாநிலம் குண்டூரில் செய்யாத குற்றத்துக்காகக் காவலில் அடைபட்டுப் பட்ட வதையை ‘லாக்கப்’ என்னும் நூலாக எழுதினார். வெற்றிமாறன் அதனைக் கொண்டு ‘விசாரணை’ படத்தை இயக்கினார். 2015-இல் வெனிசு திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. அடிபட்டவனே எழுதிவைத்த ஏடு இருந்தமையால், படத்தின் முற்பகுதி அந்த ஏட்டின் மூச்சிலேயே நடக்கிறது. பிற்பகுதி நூலில் இல்லாதது. அதனால் சந்திரகுமாரின் வரலாறு அழிந்துபோகவில்லை. நூல் தனியே நிற்கிறது. ராசாக்கண்ணு எழுதிவைக்க உயிரோடு இல்லை.

மற்றொன்று மலையாளப் படம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் காவலரால் கொண்டு செல்லப்பட்டுக் கக்கயம் முகாமில் உயிரிழந்தார். தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அவ்வழக்கின் விளைவாக முதலமைச்சர் கே.கருணாகரன் பதவி விலகினார். சட்ட வரலாற்றில் இடம்பெற்ற இவ்வழக்கைச் ‘ஜெய் பீம்’ படத்து வழக்கறிஞரும் நீதிமன்றக் காட்சியில் மேற்கோளாக எடுத்துக்காட்டுகிறார். ஷாஜி என்.கருண் இயக்கிய ‘பிறவி’ ராஜன் நிகழ்ச்சியிலிருந்து பிறந்த படம். 1989-இல் கான் விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்றது. அதில் ராஜன் என்னும் பெயர் இல்லை, முகாம் இல்லை, அடி இல்லை. மகன் வருவான் என்று பேருந்துத் துறையில் நாள்தோறும் நிற்கும் முதிய தந்தையே படம். ‘இது இன்னார் கதை’ என அது உரிமை கொண்டாடவில்லை. ஆகவே இன்னாரை மாற்றிவிட்டது என்னும் குறையும் அதற்கு நேராது. பெயரைச் சொல்லாமல் சொல்லும் இவ்வழி அகத்திணை மரபில் வந்த தமிழ்க் கவிஞர்க்குப் புதிதன்று. சுட்டி ஒருவர் பெயர் கொளப்பெறாமை அகத்துக்கு இலக்கணம். பெயரைச் சுட்டிய உடனே பாட்டு புறமாகிவிடும். புறப்பாட்டில் மலையும் ஊரும் குடியும் மாறினால் புலவன் பொய்யனாவான். ‘ஜெய் பீம்’ பெயரால் புறமாக நின்று, குடியால் அகம்போல நடந்துகொண்டது. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

காலத்தையும் படம் சுருக்குகிறது. 13 ஆண்டு வழக்கில் மனைவி எத்தனை முறை பேருந்தேறிச் சென்னைக்கு வந்திருப்பார், எத்தனை வாய்தாக்களில் வெறுங்கையோடு திரும்பியிருப்பார் என்பது திரையில் நிகழ இயலாதது. நீதிமன்றத்தின் உண்மையான கொடுமை அதன் மெத்தனம்; திரைப்படத்தின் முதல் பகைவனும் மெத்தனமே. எனவே வழக்கறிஞரின் கூர்மையான குறுக்கு விசாரணைகள் முன்னுக்கு வர, ஆண்டுக்கணக்கில் வழக்கோடு நடந்த உள்ளூர் இடதுசாரித் தோழர்களின் உழைப்பு பின்னுக்குச் சென்றது. வழக்கறிஞரை நாயகனாக்கியதில் ஒரு நன்மையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆட்கொணர்வு மனு என்னும் சட்டக் கருவி இன்னதென்று பாமரரும் அறிந்தது அப்படத்தினால்.

படம் வெளியான நாட்களில் எழுந்த பூசல் ஒன்று நினைவுகூரத்தக்கது. கொடிய காவல் அதிகாரியின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டி ஒரு குறிப்பிட்ட சமூகத்தைச் சுட்டுகிறது என்று கடும் எதிர்ப்புக் கிளம்பியது. நாட்காட்டிப் படம் மாற்றப்பட்டது. இயக்குநர் வருத்தமும் தெரிவித்தார். உண்மை நிகழ்ச்சியில் தொடர்புடையவரின் அடையாளம் மாற்றப்பட்டது என்பதே அங்கே எழுந்த வாதம். சில நொடிகளே வந்த நாட்காட்டிக்காக நாடே வழக்கிட்டது. படம் முழுதும் வரும் கதைத்தலைவனின் குடி மாற்றப்பட்டதைப் பற்றி எழுந்த குரல் அத்துணை வலிவோடு கேட்கவில்லை. குறவர் தரப்பிலிருந்தும் முறையீடு எழாமலில்லை. அது நாளேடுகளின் உட்பக்கங்களில் தங்கிவிட்டது.

மீண்டும் கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதியும் பின்னர்த் தடுக்கப்பட்டது. தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர் பிழைப்பிழந்தனர். முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு சேர்ந்து வேறு வழி கண்டார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விடுவது அவ்வழி. இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இக்கரையிலிருந்து சென்றது. பாம்பு கடித்து மருத்துவமனையில் பிழைத்தெழும் உழவர் பலருக்கு இருளர் கையோடு உறவுண்டு. அவர்கள் அதை அறியார்.

இக்கூட்டுறவைப் பற்றி விட்டேக்கரும் சேகர் தத்தாத்ரியும் 1980-களிலேயே ஆவணப்படம் எடுத்துள்ளனர். அதில் நாயகன் இல்லை, வில்லன் இல்லை. வளையின் வாயைப் பார்த்து உள்ளே பாம்பு இருக்கிறதா என்று சொல்லும் கண்ணும், கடப்பாரை பிடித்த கையும் இருக்கின்றன. கதைப்படம் இருளரைத் துன்புறுவோராகக் காட்டியது. ஆவணப்படம் அறிவுடையோராகக் காட்டியது. கதைப்படத்தைக் கோடிப்பேர் பார்த்தனர். 2017-இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்க நாட்டு ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகித் தொல்லை தந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவ்விருவர் வாழ்வும் திரைக்கதைக்குப் போதுமானது. வெற்றி பெற்ற இருளனை நாயகனாக்கித் தமிழ்த்திரை இன்னும் துணிந்து பார்க்கவில்லை.

படம் வெளியான இரண்டாம் நாள், 2021 நவம்பர் 4 தீபாவளியன்று, தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குச் சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களும் பிற உதவிகளும் வழங்கினார். இதனைத் திரைப்படத்தின் விளைவு என மேடைகளில் பேசக் கேட்கலாம், அது பிழை. அதற்கு முந்தைய மாதம், அன்னதானப் பந்தியில் அமரவிடாமல் வெளியேற்றப்பட்ட நரிக்குறவப் பெண் ஒருத்தி தெருவில் நின்று கேட்ட கேள்வி ஒளிப்படக் கருவியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. பூஞ்சேரிக்கு அரசை அழைத்து வந்தது அக்கேள்வியே. எழுதிக்கொடுத்த வசனம் அன்று. நடிகை பேசியதும் அன்று. தன் பெயரோடும் தன் குடியோடும் தானே பேசினாள்.

திரைப்படத்தின் விளைவாக நிகழ்ந்தவையும் உண்டு. படம் வெளியாவதற்கு முந்தைய நாள், சூர்யா ஒரு கோடி ரூபாயைப் பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்கு வழங்கினார். பின்னர் ராசாக்கண்ணுவின் மனைவி பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புநிதியாக இடப்பட்டது. இரண்டும் பாராட்டுக்குரியன. எனினும் கதை எவருடையதோ அவருக்குச் சென்றது சிறிய தொகை. கதையில் எவர் ஏற்றப்பட்டனரோ அவர்க்குச் சென்றது பெரிய தொகை என்னும் கணக்கும் அங்கேயே இருக்கிறது. இருளர் பிள்ளைகள் படிப்பதை எவரும் குறை சொல்லார். குறவர் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் தேவை.

படத்தின் இறுதியில், வழக்கறிஞர் எதிரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து செய்தித்தாள் விரிக்கும் இருளர் சிறுமியின் காட்சி வரும். பார்த்தோர் கண்கலங்கிய காட்சி அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1993-ஆம் ஆண்டுக் கட்டில் இருக்கும் ஆட்கொணர்வு மனுவில், மனுதாரர் என்னும் இடத்தில் எழுதப்பட்டிருப்பது செங்கேணி என்னும் பெயரன்று. கணவனைத் தேடிவந்த குறவர்குலப் பெண் ஒருத்தியின் பெயர்.